கையெழுத்து எங்கே போனது? ஒரு டெலிவரி ஆப்பும் போனிலேயே எழுதிய லாக்கும்

ஜோஹன்னஸ்பர்க்குக்குத் தெற்கே லெனேசியா. அங்கிருந்து எனர்டேல், எல்டோராடோ பார்க் வரை மாதாமாதம் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது ஒரு மருந்தகம். அதன் ஓட்டுநர்கள் பயன்படுத்தும் ஆண்ட்ராய்டு ஆப்பை வேறொரு குழு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. 2023 குளிர்காலத்தில் பராமரிப்பு வேலை எங்கள் கைக்கு வந்தது. வந்த கையோடு ஒரு புகாரும் வந்தது. ஓட்டுநர் மருந்தைக் கொடுத்தேன் என்கிறார். வாங்கிய வீட்டாரும் ஆமாம் என்கிறார்கள். சர்வரில் மட்டும் அந்த ஒப்படைப்புக்குத் தடயமே இல்லை. கையெழுத்து இல்லை, படம் இல்லை, நேரம் இல்லை.

ஒப்படைப்புக் கணக்கில்தான் இவர்களுக்குக் கூலி. ஆதாரம் இல்லாத ஒப்படைப்புக்குப் பணம் நிறுத்தி வைக்கப்பட்டது. அதனால் இதை ஒரு மென்பொருள் பிழையாக மட்டும் எங்களால் பார்க்க முடியவில்லை. எங்களிடம் முதலில் வந்து பேசியவர் ஆக்டன்வில்லில் பிறந்து வளர்ந்தவர், அறுபதை நெருங்குகிறார். வீட்டிலும் கோயிலிலும் காதில் விழுந்து படிந்த தமிழ் அவருடையது.

“தம்பி, அந்த ஆயாவுக்குக் கை நடுங்குது. நான்தான் போனைப் பிடிச்சிக்கிட்டேன். அவங்க விரலாலே சைன் போட்டாங்க, கண்ணாலே பாத்தேன்.”

“நம்புறேன் அண்ணே. உள்ளே என்ன நடந்ததுன்னு போன்கிட்டேதான் கேக்கணும். போனை ஒரு நாள் என்கிட்டே விட்டுட்டுப் போறீங்களா?”

“விட்டுட்டா நாளைக்கு நான் எப்படி வேலைக்குப் போறது?”

அந்தக் கேள்வியே எங்கள் வேலையின் எல்லையை வகுத்துவிட்டது. போனைக் கேபிளில் மாட்டி உட்கார்ந்து பார்க்க வழியில்லை. ஓட்டுநர் தெருவில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே, நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், போன் தன் கதையைத் தானே எழுதி வைத்திருக்க வேண்டும். அப்படி எழுதி வைக்கும் பதிவுக்குத்தான் லாக் என்று பெயர்.

எல்லோரும் கைகாட்டிய காரணம்

அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: லோட் ஷெட்டிங், அதாவது மின்சாரம் போதாமல் பகுதி பகுதியாக மாற்றி மாற்றிச் செய்யும் மின்வெட்டு. அதில் நியாயம் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் நிலை 6 வரை போயிற்று. நிலை 6 என்றால் நாடு முழுக்க 6000 மெகாவாட் வரை வெட்டு. ஒரே பகுதிக்கு ஒரு நாளில் பலமுறை மின்சாரம் போகும். டவர்களில் பேட்டரி உண்டு, ஆனால் அடுத்த வெட்டு வருவதற்குள் அது முழுதாக ஏற நேரம் கிடைப்பதில்லை. இன்னொரு கொடுமையும் உண்டு: டவர் பேட்டரியில் உயிரோடு இருக்கும், அதற்குப் பின்னால் இருக்கும் இணைப்பு செத்துப்போயிருக்கும். போனில் சிக்னல் கோடுகள் முழுதாகத் தெரியும், ஒரு பைட்டும் நகராது.

காணாமல் போன ஒப்படைப்புகளின் நேரத்தை அந்தந்தப் பகுதியின் மின்வெட்டு அட்டவணையோடு வைத்துப் பார்த்தோம். பெரும்பாலானவை பொருந்தின. நெட் இல்லை, அனுப்பியது போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான் என்று பலரும் கோப்பை மூடத் தயாரானார்கள். எனக்கு மட்டும் ஒன்று இடித்தது. நெட் இல்லாதபோது ஒப்படைப்பைப் போனிலேயே சேமித்து வைத்து, நெட் வந்ததும் அனுப்பும் ஏற்பாடு ஆப்பில் ஏற்கெனவே இருந்தது. அதே மதியம், அதே தெருவில், முன்னும் பின்னும் நடந்த ஒப்படைப்புகள் தாமதமாகவேனும் சர்வருக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. நடுவில் ஒன்று மட்டும் ஏன் வரவில்லை?

இருந்த லாக்கெல்லாம் ஏன் கைகொடுக்கவில்லை

ஆப் முறிந்தால், அதாவது பிழை வந்து தானே நின்றுபோனால், தகவல் அனுப்பும் கருவி ஒன்று அதில் பொருத்தப்பட்டிருந்தது. அதில் இந்தப் போன்களிலிருந்து ஒரு முறிவுகூடப் பதிவாகவில்லை. அடுத்து லாக்கேட், ஆண்ட்ராய்டின் பொது லாக். ஆண்ட்ராய்டில் ஆப்கள் எழுதும் லாக் எல்லாம் மெமரியில் இருக்கும் ஒரு வட்ட பஃபருக்கு, அதாவது தற்காலிகச் சேமிப்பிடத்துக்கு, போகிறது. நிறைந்ததும் பழையதன் மேலேயே புதியது எழுதப்படும். பல போன்களில் அதன் இயல்பான அளவு 256 கேபிதான். எல்லா ஆப்களும் சேர்ந்து வாயாடும் இடம் அது. மதியம் 2 மணிக்கு நடந்ததை மாலை டிப்போவில் போய்த் தேடினால் அங்கே இருக்காது. போனை அணைத்துப் போட்டாலும் போய்விடும். மேலும் ஆண்ட்ராய்டு 4.1-இலிருந்து ஓர் ஆப் தன் சொந்த லாக்கை மட்டுமே படிக்க முடியும். ஆப்பைக் கொன்றது சிஸ்டம் என்றால், சிஸ்டம் எழுதிய வரி நம் கண்ணுக்கு வராது.

முந்தைய குழு ஃபைலில் எழுதும் ஒரு லாக்கையும் வைத்திருந்தது. ஆவலோடு திறந்தோம். புகாருக்குள்ளான ஒப்படைப்புக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வரியின் பாதியில், ஒரு சொல்லின் நடுவில் நின்றுபோயிருந்தது. அடுத்த வரி, ஆப் மறுபடி தொடங்கியது. இன்னொரு ஓட்டுநரின் ஃபைலும் அப்படியே. என்னோடு வேலை செய்யும் தங்கை ஒருத்தி ஃபைலின் அளவைப் பார்த்துவிட்டு, “அண்ணா, இது 8192-ஆல மிச்சமில்லாம வகுபடுது” என்றாள். மற்ற ஃபைல்களையும் வகுத்துப் பார்த்தோம். எல்லாம் அப்படியே வகுபட்டன.

ஜாவா மொழியில் ஃபைலுக்கு எழுத உதவும் பஃபர்டுரைட்டர் 8192 எழுத்து சேரும்வரை வரிகளைத் தன் கையிலேயே வைத்திருக்கும். நிறைந்த பிறகுதான் கீழே தள்ளும். உள்ளே இருந்தது ஆங்கில எழுத்து மட்டும் என்பதால் ஓர் எழுத்து ஒரு பைட். ஃபைல் ஒருமுறைகூட முறையாக மூடப்படவில்லை என்பதையும், மிச்சம் இருந்ததைக் கீழே தள்ளக்கூட நேரம் கிடைக்கவில்லை என்பதையும் அந்த வகுபடும் எண் சொல்லிவிட்டது. ஜாவாவில் சாதாரணமாக ஆப் முறிந்தால், பிடிபடாத பிழையைக் கையாளும் இடத்தில் பஃபரைக் காலிசெய்துவிடலாம். அந்தக் குறியீடு இந்த ஆப்பிலும் இருந்தது, ஆனால் ஓடவே இல்லை. அப்படியானால் ஆப் முறியவில்லை, வெளியிலிருந்து கொல்லப்பட்டிருக்கிறது. ஆண்ட்ராய்டின் அடியில் இருக்கும் லினக்ஸின் கொலைச் சிக்னல் எண் 9-ஐ எந்த பிராசஸும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் எந்த நிரலும், தடுக்க முடியாது, சாகும்முன் ஒரு சொல் சொல்லவும் முடியாது.

லாக் எழுதும் பலர் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை என்பது என் எண்ணம். ஆயிரம் வரிகள் பத்திரமாக இருந்து கடைசி இருபது வரி போனால் அந்த லாக்கினால் பயனில்லை. தேடுவது எப்போதும் அந்த இருபதில்தான் இருக்கும்.

கடைசி வரி பிழைக்க வேண்டும்

புதிதாக எழுதிய லாக்கில் பஃபரே கிடையாது. ஒரு வரி முழுதாகத் தயாரானதும், ஃபைலின் கடைசியில் சேர்க்கும் முறையில் ஒரே ரைட் அழைப்பில், அதாவது ‘இதை எழுது’ என்று சிஸ்டத்துக்குக் கொடுக்கும் ஒரே கட்டளையில், போகும். இங்கே ஒரு நுட்பத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ரைட் முடிந்தவுடன் தரவு டிஸ்க்கைத் தொட்டிருக்காது, சிஸ்டத்தின் மையமான கர்னலின் மெமரியில் இருக்கும். ஆனால் செத்தது நம் பிராசஸ்தான், கர்னல் சாகவில்லை. அதனால் அந்த வரி பிழைத்துக்கொள்ளும். போனே திடீரென்று அணைந்தால் மட்டும் கடைசிச் சில வினாடிகளின் வரிகள் போகலாம். அதற்குத்தான் எஃப்சிங்க், தரவை உடனே டிஸ்க்கில் எழுதவைக்கும் அழைப்பு. அது மலிவான போன்களில் சில சமயம் நூறு மில்லிசெகண்டையும் விழுங்கும். ஆகவே ஒவ்வொரு வரிக்கும் அதைக் கூப்பிடவில்லை. கையெழுத்து முடிந்த இடத்திலும் ஒப்படைப்பு முடிந்த இடத்திலும் மட்டும் கூப்பிடுகிறோம்.

வேறொரு திரெட்டிடம் (ஆப்புக்குள்ளேயே இணையாக ஓடும் வேலைச்சரம்) வரியைக் கொடுத்து எழுதச் சொல்வது நல்ல பழக்கம் என்று சொல்வார்கள். பொதுவாகச் சரிதான். ஆனால் வரிசையில் காத்திருக்கும் வரியும் பிராசஸோடு சேர்ந்தே சாகும். எனவே இரண்டு வழி வைத்தோம்: சாதாரண வரிகள் பின்னணித் திரெட்டுக்கு, கேமரா திறக்கும்முன் எழுதுவது போன்ற முக்கிய வரிகள் அந்த இடத்திலேயே நேராக. வரிசை குழம்பாதிருக்க, முக்கிய வரி எழுதும்முன் பின்னணியில் காத்திருப்பதையும் எழுதி முடித்துவிடும். நூறு பைட்டை கர்னல் மெமரிக்குத் தள்ளுவது திரையில் ஒரு தடங்கலையும் காட்டவில்லை.

ஒவ்வொரு வரியிலும் இரண்டு நேரம் இருக்கும். ஒன்று கடிகார நேரம். மற்றொன்று போன் இயங்கத் தொடங்கியதிலிருந்து ஓடும், யாராலும் திருத்த முடியாத நேரக்கணக்கு. சில ஓட்டுநர்கள் தானியங்கி நேரத்தை அணைத்து வைத்திருந்தார்கள், கடிகாரத்தை மட்டும் நம்பியிருந்தால் வரிகளின் வரிசையே தவறாகியிருக்கும். அத்துடன் பிராசஸ் எண், திரையின் பெயர், போனில் மீதமிருக்கும் மெமரி ஆகியவையும் உண்டு.

ஆப் தொடங்கியதும் எழுதும் முதல் வரிதான் இந்த வழக்கைத் திறந்தது. ஆண்ட்ராய்டு 11-இலிருந்து, தன் முந்தைய பிராசஸ் எதனால் முடிந்தது என்று சிஸ்டத்திடம் ஓர் ஆப் கேட்கலாம். மெமரி பற்றாக்குறை, பதிலளிக்காமல் உறைந்தது, பயனரே மூடியது என்று காரணம் சொல்லும். மெமரிக்காகக் கொன்றதை எல்லா போன்களும் அப்படியே சொல்வதில்லை. சிலவற்றில் ‘சிக்னலால் முடிந்தது, எண் 9’ என்று மட்டும் வரும். இரண்டையும் எழுதச் சொன்னோம். ஆண்ட்ராய்டு 10 போன்களில் இந்த வசதி இல்லை. அங்கே, ஒழுங்காக மூடும்போது எழுதும் விடைபெறும் வரி இல்லாமல் பிராசஸ் எண் மாறியிருந்தால் அதுவே குறிப்பு.

ஃபைலை வைக்கும் இடம் சின்ன விஷயம்போலத் தோன்றும். தற்காலிக ஃபைல்களுக்கான கேஷ் கோப்புறையில் வைத்தால் இடம் குறையும்போது சிஸ்டம் அழித்துவிடும். ஓட்டுநர்களின் போன்களில் இடம் எப்போதுமே குறைவு. சாதாரண உள் கோப்புறையில் வைத்தால் ஆண்ட்ராய்டின் தானியங்கி பேக்கப் அதை கூகுள் டிரைவுக்கு ஏற்றிவிடக்கூடும். நோயாளிகளுக்கு மருந்து கொண்டுபோகும் ஆப்பின் லாக் அங்கே போகக் கூடாது. பேக்கப் ஆகாத உள் கோப்புறை ஒன்று ஆண்ட்ராய்டில் தனியாக உண்டு, அதில் வைத்தோம். 1 எம்பி வீதம் ஐந்து ஃபைல்கள். ஆறாவது தொடங்கும்போது முதலாவது போகும்.

போன் சொன்ன சாட்சி

புது ஆப்பை ஓட்டுநர்களுக்குக் கொடுத்த பிறகு அடுத்த புகார் வந்தது. இம்முறை லாக் முழுதாக இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி:

14:07:31 கையெழுத்து முடிந்தது.
14:07:33 கேமரா திறக்கிறது. நெட் இல்லை. அனுப்பக் காத்திருக்கும் படங்கள் 4.
14:07:34 நம் திரை மறைந்தது.
14:07:52 புதிய பிராசஸ். முந்தையது முடிந்த காரணம்: மெமரி பற்றாக்குறை.
14:07:53 பட்டியல் திரை.

இதை வாசித்ததும் நடந்தது கண்முன் விரிந்தது. ஆயா கையெழுத்துப் போடுகிறார். அது ஆப்பின் மெமரியில் மட்டும் இருக்கிறது. பொட்டலத்தைப் படம் எடுக்க ஆப் போனின் கேமராவைத் திறக்கிறது. 2 ஜிபி மெமரி உள்ள போனில் கேமரா பெரும்பசிக்காரன். நம் ஆப் பின்னணிக்குப் போனதும் சிஸ்டம் அதைக் கொன்று இடம் பிடிக்கிறது. படம் எடுத்து முடித்ததும் ஆப் புதிதாக எழுந்து, பட்டியல் திரையில் வந்து நிற்கிறது. ஒழுங்காக முடிந்தாலும் ஆப் அதே பட்டியலுக்குத்தான் வரும். நெட் இல்லாதபோது, முடித்த ஆர்டரும் சர்வரின் பதில் வரும்வரை பட்டியலிலேயே இருக்கும். ஓட்டுநரின் கண்ணுக்கு இரண்டுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. நன்றி சொல்லிவிட்டு வண்டியில் ஏறுகிறார்.

லோட் ஷெட்டிங்கோடு ஏன் பொருந்தியது? ‘காத்திருக்கும் படங்கள் 4’ என்ற துண்டில் விடை இருந்தது. முடித்த ஒப்படைப்புகளின் படங்கள் டிஸ்க்கில் ஃபைலாகப் பத்திரமாக இருந்தன. ஆனால் பட்டியலில் சிறுபடமாகக் காட்டுவதற்காக, ஒவ்வொரு படத்தின் முழு அளவு பிட்மேப்பையும் (புள்ளி புள்ளியாக விரித்த படம்) சர்வரின் பதில் வரும்வரை மெமரியிலேயே வைத்திருந்தது ஆப். 12 மெகாபிக்சல் படம், 4000-க்கு 3000 புள்ளி, புள்ளிக்கு 4 பைட் என்றால் 48 எம்பி. நான்கு படம் 192 எம்பி. நெட் இருந்தால் ஒவ்வொன்றும் உடனே போய் இடம் விடும். மின்சாரம் போனால் தேங்கும். தேங்கத் தேங்க, கேமரா திறக்கும்போது முதலில் கொல்லப்படும் ஆளாக நம் ஆப் ஆகிவிடுகிறது.

முறிவுக் கருவி ஏன் ஊமையாக இருந்தது என்பதும் இதிலேயே விளங்கியது. ஆண்ட்ராய்டு 3 முதல் 7 வரை பிட்மேப்புகள் ஜாவா ஹீப்பில், அதாவது ஆப்புக்கென்று வரம்பு போட்டு ஒதுக்கிய மெமரியில், இருந்தன. அளவு மீறினால் மெமரி தீர்ந்தது என்ற பிழை வந்து ஆப் முறியும், பதிவும் ஆகும். ஆண்ட்ராய்டு 8-இலிருந்து அவை அந்த ஹீப்புக்கு வெளியே, நேட்டிவ் மெமரிக்குப் போய்விட்டன. அந்த வரம்பு தொடப்படவே இல்லை. போன் முழுதும் திணறும்வரை வளர்ந்து, பிறகு சத்தமில்லாமல் கொல்லப்பட்டது.

எங்கள் மேசையில் இருந்த 8 ஜிபி போன்களில் இது ஒருபோதும் வந்திருக்காது. காரணம் தெரிந்தபின் வரவழைப்பது எளிது. கேமரா திறந்திருக்கும்போது, கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் ஏடிபி வழியாகப் பின்னணி ஆப்பைக் கொல்லும் கட்டளையைக் கொடுத்தால், அதே பட்டியல் திரை, அதே காணாமல்போன கையெழுத்து.

இன்னொன்றும் கிடைத்தது, அதுதான் எனக்குப் பெரும் நிம்மதி. கேமரா எடுத்த படத்தை, நாம் சொன்ன இடத்தில் கேமரா ஆப்பே எழுதிவிடும், நம் ஆப் செத்திருந்தாலும். ஆகவே எந்த ஆர்டரோடும் சேராத அநாதைப் படங்கள் போன்களில் கிடந்தன. எடுத்த நேரம் அவற்றில் இருந்தது. பொட்டலத்தின் மேல் ஒட்டிய ஆர்டர் எண் படத்திலேயே தெரிந்தது.

மருந்தின் பெயர் லாக்கில் இருக்கக் கூடாது

பழைய லாக் ஃபைலைத் திறந்தபோது பயந்துபோனோம். சர்வருக்கும் ஆப்புக்கும் நடக்கும் பேச்சு முழுதையும் அது எழுதியிருந்தது. நோயாளியின் பெயர், வீட்டு முகவரி, மருந்தின் பெயர், உள்நுழைவு டோக்கன் எல்லாம். போன் பறிப்பு இந்த ஊரில் அன்றாடம் கேட்கும் செய்தி. ‘பொப்பியா’ என்று இங்கே எல்லோரும் சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013-ஆம் ஆண்டின் 4-ஆம் சட்டம். 2021 ஜூலை 1 முதல் அதைக் கடைப்பிடித்தே ஆகவேண்டும். உடல்நலத் தகவலை அது தனிச் சிறப்புத் தகவலாக வைக்கிறது. தேவைக்கு மேல் எந்தத் தகவலையும் வைத்திருக்கவும் அது விடுவதில்லை.

எனவே லாக்கில் ஆர்டர் எண் மட்டும். பேச்சின் உள்ளடக்கம் கிடையாது, எந்த அழைப்பு, என்ன பதில் எண், எவ்வளவு நேரம் என்பது மட்டும். தவறிப்போய் ஏதாவது நுழைந்தாலும் பிடிக்க, எழுதும் இடத்தில் ஒரு சல்லடை. தென்னாப்பிரிக்க அடையாள எண் 13 இலக்கம், முதல் ஆறு இலக்கமும் பிறந்த தேதி. அப்படித் தொடர்ந்து 13 இலக்கம் வந்தால் மறைத்துவிடும். 0 அல்லது 27-இல் தொடங்கும் தொலைபேசி எண்ணும் அப்படியே. 7 நாளைத் தாண்டிய ஃபைல் அழிந்துவிடும். ஓட்டுநர் எங்கே நிற்கிறார் என்ற இடத்தகவலை எழுதலாமா என்று மேலாளர் ஒருவர் கேட்டார். முடியாது என்றோம். இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க அது வேண்டியதில்லை.

ஃபைல் எங்கள் கைக்கு வந்த வழி

ஓட்டுநர்களுக்குக் கொடுத்த வெளியீட்டு ஆப்பின் உள் கோப்புறையைக் கேபிள் போட்டும் எட்ட முடியாது. ஆப்பே எடுத்துக் கொடுக்க வேண்டும். ‘பற்றி’ திரையில் வெர்ஷன் எண்ணை அழுத்திப் பிடித்தால் ஃபைல்களை ஜிப் ஆக்கி, ஃபைலைப் பிற ஆப்புக்குப் பத்திரமாகக் கொடுக்கும் ஃபைல்புரோவைடர் வழியாகப் பகிரும். ஃபைலின் நேர்ப்பாதையைக் கொடுத்தால் ஆண்ட்ராய்டு 7-இலிருந்து ஆப் முறிந்துவிடும் என்பதால் இதுதான் வழி.

தானாக சர்வருக்கு ஏற்றுவதும் உண்டு, ஆனால் டிப்போவின் வைஃபையில் மட்டும். இந்த நாட்டில் டேட்டா விலை 2016-இல் ‘டேட்டா மஸ்ட் ஃபால்’ என்று மக்கள் குரல் எழுப்பிய அளவுக்குப் பெரிய விஷயம். 2019 டிசம்பரில் போட்டி ஆணையமே விலை அதிகம் என்று அறிக்கை கொடுத்தது. ஓட்டுநர் சொந்தக் காசில் போட்ட டேட்டாவில் எங்கள் லாக் ஏறக் கூடாது.

ஐபோனில் இதே வேலை செய்பவர்களுக்கு ஒரு சொல். ஐஓஎஸ் 15-இலிருந்து சிஸ்டம் லாக்கை ஆப்பே படிக்கலாம், ஆனால் அப்போது ஓடும் பிராசஸ் எழுதியது மட்டும்தான் கிடைக்கும். செத்த பிராசஸின் கதை வேண்டுமென்றால் அங்கேயும் சொந்த ஃபைல்தான் வழி.

திருத்தியதும் அதன்பின் நடந்ததும்

திருத்தம் சிறியது. கையெழுத்து முடிந்ததும், கேமரா திறக்கும்முன், அது டிஸ்க்கில் ஃபைலாகிறது. பட்டியலின் சிறுபடம் சிறிய அளவிலேயே விரிக்கப்படுகிறது, முழு பிட்மேப் மெமரியில் தங்குவதில்லை. ஆப் செத்து எழுந்தால் பாதியில் நின்ற ஆர்டரின் திரைக்கே நேராகப் போகிறது. ஒவ்வொரு ஒப்படைப்புக்கும் போனிலேயே ஒரு தனி எண் உருவாகிறது. பதில் வராமல் மறுபடி அனுப்பினாலும் சர்வரில் இரட்டையாகப் பதியாது. கேமரா இன்னும் ஆப்பைக் கொல்கிறது, அது போனின் இயல்பு. எழுந்த பிறகு கையெழுத்து அதன் இடத்தில் இருக்கிறது.

அநாதைப் படங்களையும் லாக்கையும் மருந்தகத்திடம் கொடுத்தோம். லாக் இல்லாத பழைய ஒப்படைப்புகளுக்குப் படம் மட்டுமே சாட்சி, அதையும் ஏற்றுக்கொண்டார்கள். நிறுத்தி வைத்த கூலி ஓட்டுநர்களுக்குக் கொடுக்கப்பட்டது. ஆக்டன்வில் அண்ணன் கேட்டுக்கொண்டபடி ஆப்பில் ஒரு திரையும் சேர்த்தோம். அன்றைய ஒப்படைப்புகள், கையெழுத்து வாங்கிய நேரம், படம் எடுத்த நேரம், சர்வர் பெற்றுக்கொண்ட நேரம் என ஒவ்வொன்றும் அதில் வரிசையாக இருக்கும். நெட் இல்லாமலே திறக்கும். டிப்போவில் கணக்குப் பார்க்கும்போது அவர் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுகிறார்.